பன்னிரண்டு நாள் சின்னப் பிள்ளை

கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பும்போது கூடவே ஒரு படிவமும் போக வேண்டும். அதில் பதினொரு கட்டங்கள். அல்லிநகரத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் அந்தப் பதினொன்றையும் நிரப்புவது என் பொறுப்பு. ரத்தம் எடுப்பது இரண்டு நிமிட வேலை. கட்டங்களை நிரப்ப அரை மணி நேரம் ஆகும்.

வயது என்ன என்று கேட்டால், "ஆதார்ல உள்ளதா, நெசமா உள்ளதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எடை பார்க்க ஏறும் முன் செருப்பு, கைப்பை, செல்போன், கடைசியில் வளையல் வரை கழற்றுகிறவர்கள் உண்டு. வரும் எண்ணை நான் சத்தமாகச் சொல்லிவிடக் கூடாது, கண் பட்டுவிடும். எழுதித்தான் காட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது நான்காவது கட்டம். கடைசியாக மாதவிலக்கான முதல் நாள் எது? "திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிச்சாகளே, அதுக்கு மறுநாளு" என்பார் ஒருவர். "எங்க சின்ன மாமியா கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போனாகள்ல, அன்னைக்கு" என்பார் இன்னொருவர். சின்ன மாமியார் கோபித்துக்கொண்ட தேதியைக் கண்டுபிடிக்க நான் நாலு பேருக்குப் போன் போட்டிருக்கிறேன். அவர் ஏன் கோபித்துக்கொண்டார் என்பதும் எனக்கு இன்று தெரியும்.

அதனால் அண்ணன் மனைவியான என் மதினியின் ரத்தத்தை அனுப்ப வேண்டிய நாள் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. எங்கள் வீட்டில் நான்காவது கட்டத்துக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. அம்மாவிடம் காலண்டர் இருந்தது.

உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர். நாளுக்கு ஒரு பெரிய கட்டம். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், திராட்சைப் பந்தலில் கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டிய நாள், மாட்டுக்குச் சினை ஊசி போட்ட நாள், எல்லாம் அதில் இருக்கும். மாட்டுக்கு நீல மை, மருமகளுக்குச் சிவப்பு மை. மதினி தேவாரம் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. நான்கு வருஷமும் மாதம் ஒரு சிவப்பு வட்டம் தவறாமல் விழுந்திருந்தது. வட்டம் விழுந்தால் மூன்று நாள் மதினிக்குத் தனித் தட்டு, தனிப் பாய், பின்கட்டு. எனக்கும் அதே சட்டம்தான். வேலைக்குப் போவதால் பகலில் தப்பித்துக்கொள்வேன். நான் படித்ததை வைத்து மாற்ற முயன்று தோற்ற விஷயங்களின் பட்டியலில் இது முதலாவது. "உன் லேப்ல நீ என்ன வேணாலும் செய்யி. இங்கன நான் சொல்றதுதான்" என்பாள் அம்மா.

மதினி குழந்தை வேண்டி எங்கள் ஊர் அம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்திருந்தாள். சித்திரைத் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்பே காப்புக் கட்டி விரதம் இருந்து, எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றி வர வேண்டும். முந்தைய இரண்டு வருஷமும் சிவப்பு வட்டம் சரியாகத் திருவிழாவை ஒட்டி விழுந்து காரியத்தைக் கெடுத்தது. இந்த வருஷம் பன்னிரண்டு நாள் முந்தியே விழுந்துவிட்டது. "ஆத்தா வழி விட்டுட்டா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மதினி குளித்து, காப்புக் கட்டி, சட்டி எடுத்தாள். அடுத்த மாதம் காலண்டரில் வட்டம் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அம்மா சிவப்புப் பேனாவைத் தூக்கி மிளகாய்த் தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

ஆனி மாதம் சின்னமனூரில் முதல் ஸ்கேன். மூன்று மாதம் முடியாமல் யாருக்கும் தெரியக் கூடாது என்று அம்மா மட்டும் மதினியைக் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். அன்று சாயங்காலம் தொடங்கியது தீனி. கம்பம் மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து, நேந்திரம் பழத் தார் வந்தது. வாரம் இரண்டு நாள் ஈரல். வடுகபட்டியிலிருந்து ஒரு மூட்டைப் பூண்டு வந்து, அது குழம்பாகவும் லேகியமாகவும் பாலில் வெந்தும் மதினிக்குள் போனது.

"எதுக்கும்மா இப்படிப் போட்டு அடைக்கிறே?" என்று கேட்டேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். எனக்கு வேறொரு கவலை. பதினொன்றிலிருந்து பதினான்காவது வாரம் முடிவதற்குள் எடுக்க வேண்டிய முதல் ரத்தப் பரிசோதனை இருந்தது. அது சரியாக ஆடியில் விழுந்தது.

"ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது" என்றாள் அம்மா.

"ரத்தம் எடுக்கிறது என்னம்மா ஆரம்பம்?"

"பெறகு என்ன, அது முடிவா? கூறுகெட்டவளே, நல்ல நாளும் அதுவுமா வாயில வருதா பாரு."

ஆடி போய் ஆவணி வந்தது. இனி எடுக்க முடிந்தது இரண்டாம் பரிசோதனைதான். தாயின் ரத்தத்தில் நான்கு பொருள்களை அளப்பார்கள். கர்ப்பத்தின் இந்த வாரங்களில் அவற்றில் இரண்டு நாளுக்கு நாள் கூடும், ஒன்று குறைந்துகொண்டே போகும், நான்காவது பெரிதாக அசையாது. இன்ன வாரம் இன்ன நாளில் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அதோடு ஒப்பிட்டு, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் நிலைகள் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்லும். இருக்கிறது, இல்லை என்று சொல்லாது. இத்தனையில் ஒன்று என்று சொல்லும்.

ரத்தம் கொடுக்க மதினியோடு அம்மாவும் வந்தாள். மஞ்சள் பையிலிருந்து சுருட்டிய காலண்டரை எடுத்து என் மேசையில் விரித்தாள். வரிசையில் நின்றிருந்த நாலு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தா, சித்திரை. வட்டம் போட்டிருக்கேன் பாரு. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. ஐந்தாவது கட்டம், ஸ்கேன் அளவு.

"ஸ்கேன் ரிப்போர்ட் எங்கம்மா?"

"அது சாமிகிட்ட இருக்கு."

"கொண்டு வரலையா?"

"சாமிகிட்ட வச்சத எடுக்கலாமா? நான்தான் தேதியச் சொல்லிட்டேன்ல. பெறகு என்ன?"

வரிசை நீளம். மதினி கையை நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக்குப் பயம் என்று நினைத்தேன். ஐந்தாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். வேறு எந்த வீட்டாராக இருந்தாலும், "ரிப்போர்ட் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இதில் நடந்த தப்புகளில் என்னுடையது அந்தக் கோடு.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. முதலில் பார்த்தது நான்தான். வாய்ப்பு அதிகம் என்று போட்டு, நூற்றுச் சொச்சத்தில் ஒன்று என்று இருந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து, யாருக்கு எந்த வரிசையில் சொல்வது என்று ஒரு தாளில் எழுதினேன். மதினி, அண்ணன், அம்மா. வீட்டுக்குப் போனால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் அங்கேயே பயனில்லாமல் போனது.

சொன்னேன். முடிந்தவரை நிதானமாகச் சொன்னேன்.

"நூத்திச் சொச்சத்துல ஒண்ணா?" என்றான் அண்ணன். "அப்ப நூத்திச் சொச்சம் பேரு நல்லா இருக்காகன்னுதானே அர்த்தம்?"

"ஆமாண்ணே."

"பெறகு எதுக்குடீ மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கே?"

"நம்ம தெருவுலயே நூறு வீட்டுக்கு மேல இருக்கு" என்றாள் அம்மா. "அத்தனை வீட்டையும் விட்டுட்டு இங்கனயா வரும்?"

மதினி அவரைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். நாரெடுக்க மறந்து நறுக்கினாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். முதல் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவே பிரசவ விடுப்பில் போயிருந்தார். புதிதாக வந்தவர் என் படிவத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தார்; ஸ்கேன் ரிப்போர்ட் அன்றும் சாமியிடம்தான் இருந்தது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மதுரைக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக் குழந்தையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அதில் கரு கலைய ஒரு சின்ன வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த வியாழக்கிழமைக்கு மதுரையில் நேரம் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மதினி என் பக்கம் சாய்ந்து, முன் சீட்டில் இருந்த அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னாள்: "பிள்ள எப்பிடிப் பொறந்தாலும் நான் வளத்துக்குவேன். எனக்கு அது பயமில்ல. நாலு வருசம் கழிச்சு நின்னுருக்கு. அந்த ஊசியால கலைஞ்சு போச்சுன்னா?"

வீட்டுக்கு வந்ததும் பட்டியல் போட்டேன். முடிவு தப்பாக வருவதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? எடை, சர்க்கரை, இரட்டைக் குழந்தை, தேதி. நான்கு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.

சர்க்கரையை நானே சோதித்திருந்தேன், சரியாக இருந்தது. இரட்டையா என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ரெட்டையா? அப்பிடியா சொல்லுது?"

"சொல்லலம்மா. நான் கேக்குறேன். ஸ்கேன்ல ஒண்ணுன்னு சொன்னாகளா, ரெண்டுன்னு சொன்னாகளா?"

"ஒண்ணுதான். நீ எதுக்கு ஆசையக் கெளப்புறே?"

அடுத்தது எடை. வீட்டில் எடை பார்க்க ஒன்றும் இல்லை. தோட்டத்து ஷெட்டில் திராட்சைப் பெட்டி நிறுக்கும் தராசு உண்டு. மதினியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். மதினி தராசில் ஏறி, பெட்டிகளுக்கு நடுவே, தானும் விலைக்குப் போகப் போகிறவள் போல நின்றாள். என் நிலையத்தில் பார்த்ததற்கு அரைக் கிலோ குறைந்திருந்தது.

"அன்னைக்கு இடுப்புல என்ன வச்சிருந்தீக?"

"பாக்குவெட்டி" என்றாள் மதினி. "அத்தை சொருகி விட்டாக. வயித்துப் பிள்ளையோட வெளிய போறப்ப இரும்பு இருக்கணும்னாக."

அரைக் கிலோ பாக்குவெட்டி இந்தக் கணக்கைப் புரட்டாது. அதையும் அடித்தேன். தாளில் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"தேதியில தப்பு வர வழியே இல்ல" என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். "அதைத்தான் அம்மா குறிச்சு வச்சிருக்காளே."

மதினி தராசிலிருந்து இறங்கவில்லை. எண்கள் லேசாக ஆடின. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஆத்தா கண்ணக் குத்திட்டா" என்றாள். "நான் செஞ்சதுக்கு எனக்கு வேணும்."

"என்ன செஞ்சீக?"

சொன்னாள். விம்மலுக்கு நடுவே சொன்னதால் நான் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மதினிக்கு இந்த வருஷமும் சரியாகத் திருவிழா நாளில்தான் வர வேண்டியிருந்தது. சொன்னால் அத்தை காப்புக் கட்ட விட மாட்டாள். மூன்றாம் வருஷமும் நேர்த்திக்கடன் தள்ளிப்போகும். அதனால் பன்னிரண்டு நாள் முன்பே வந்துவிட்டதாக ஒரு பொய் சொன்னாள். பொய்க்குப் பொருத்தமாக மூன்று நாள் பின்கட்டில் தனித் தட்டில் சாப்பிட்டு, தனிப் பாயில் படுத்து, மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அம்மா வட்டம் போட்டாள். அந்த மூன்று நாள் நான்தான் மதினிக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கும் சந்தேகம் வரவில்லை.

"நெசமானதத் தள்ளிப் போட மாத்திரை இருக்குல்ல, அத உங்க அண்ணன்ட்ட எழுதிக் குடுத்து விட்டேன்."

"வாங்கிட்டு வந்தானா?"

"மெடிக்கல்ல இவுக சித்தப்பா நின்னுருக்காக. இவுக வெக்கப்பட்டுக்கிட்டுச் சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, செரிமான மாத்திரைய வாங்கிட்டு வந்துட்டாக. எங்கிட்டச் சொல்லவும் இல்ல. நானும் நம்பி எட்டு நாளா முழுங்கினேன்."

"பெறகு?"

"திருவிழா அன்னைக்குக் காலையிலயே ஆயிருச்சு. கையில காப்பு இருக்கு, சட்டி தயாரா இருக்கு, மேளம் வாசல்ல நிக்குது. என்ன செய்யச் சொல்ற? எடுத்துட்டேன். அதுக்குத்தான் ஆத்தா இப்பத் தண்டனை குடுக்கா."

நான் ஒரு திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம் என்பதால் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"மதினி, நல்லாக் கேளுங்க. ஆத்தாளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க குடுத்த தேதி தப்பு. வயித்துல இருக்கிற பிள்ளை நாங்க நெனச்சதைவிடப் பன்னிரண்டு நாள் சின்னது. கூடியிருக்க வேண்டியது இன்னும் கூடல, குறைஞ்சிருக்க வேண்டியது இன்னும் குறையல. கம்ப்யூட்டர் அதைப் பாத்துட்டுப் பயந்துருச்சு. அம்புட்டுத்தான்."

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப ஒண்ணும் இல்லையா?"

"அது தெரியாது. திருப்பிக் கணக்குப் போடணும். சரியான தேதி வேணும். அதுக்குச் சாட்சியா அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டு வேணும்."

"அத்தைக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

நான் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஆனால் ரிப்போர்ட் சொல்லிவிட்டால் நான் பொறுப்பில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, சாமி அலமாரியில் அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அதில் தெளிவாக இருந்தது: சொன்ன தேதிப்படி இத்தனை வாரம், ஸ்கேன் அளவுப்படி அதைவிடப் பன்னிரண்டு நாள் குறைவு. பக்கத்தில் டாக்டரம்மா பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"அத எதுக்குடீ எடுத்தே?" அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அம்மா, பன்னிரண்டு நாள் கம்மின்னு போட்டிருக்கே. டாக்டர் உன்கிட்டச் சொன்னாகளா?"

அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். "சொன்னாக. பிள்ள பன்னிரண்டு நாளு சின்னதா இருக்குன்னாக. மருமகளப் பட்டினி போட்டேன்னுல ஊரு பேசும்? அதான் யாருட்டயும் மூச்சு விடல. இவளத் தின்ன வச்சு அந்தப் பன்னிரண்டு நாளையும் ஈடு கட்டிரலாம்னு பாத்தேன்."

பூண்டு மூட்டைக்கும் ஈரலுக்கும் எனக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது.

"பிள்ளை மெலிவில்லம்மா. தேதிதான் தப்பு."

"என் காலண்டரா தப்பு?" கரண்டி உயர்ந்தது. "மாடு என்னைக்காச்சும் தப்பியிருக்கா? ஊசி போட்ட நாள்ல இருந்து எண்ணிச் சொன்னேன்னா, அந்த வாரத்துல கன்னு விழும். விழுந்துச்சா இல்லையா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "மாடு பொய் சொல்லாதும்மா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சோற்றுக் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மதினி கதவுக்குப் பின்னால் போனாள். சமாளிக்க நினைத்து அவன் இன்னும் பேசினான்.

"இல்லம்மா, பந்தல் கணக்கா வச்சுப் பாரு. கவாத்து வெட்டுன தேதியப் பன்னிரண்டு நாளு முந்திச் சொல்லிட்டோம்னு வையி. வியாபாரி வந்து பாத்துட்டு, என்னய்யா இது, இந்நேரம் பழுத்திருக்கணுமே, கொடியில ஏதோ கோளாறும்பான். கொடி நல்லாத்தான் இருக்கும். தேதிதான்…"

அவன் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அம்மா அவனைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காலண்டரிடம் போனாள். தாள்களைப் பின்னோக்கித் தள்ளினாள். சித்திரை வட்டத்தில் விரலை வைத்து, அங்கிருந்து கட்டம் கட்டமாக எண்ணினாள். பன்னிரண்டாவது கட்டத்தில் விரல் நின்றது. அதில் அவளே எழுதி வைத்திருந்தாள்: தீச்சட்டி.

அம்மா கதவுக்குப் பின்னால் தெரிந்த மதினியின் சேலை நுனியை ஒரு தடவை பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை நான் என் மேலாளரிடம் ஐந்தாவது கட்டத்தில் கோடு போட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, ஸ்கேன் அளவைச் சென்னைக்கு அனுப்பி, மறு கணக்குக் கேட்டேன். ரத்தம் புதிதாக வேண்டியதில்லை. அளந்த அளவுகள் அங்கே இருந்தன. டாக்டருக்கும் போன் செய்தேன். மறு கணக்கு வரட்டும், ஆனால் கிடைத்த நேரத்தை ரத்து செய்ய வேண்டாம் என்றார். செவ்வாய் போனது. புதனும் போனது. கையெழுத்துப் போட வேண்டியவர் வரவில்லை என்று சென்னையிலிருந்து சொன்னார்கள்.

இதற்கிடையில் அம்மா மதினியோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள். என்னிடம், "அவளுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பாள். மதினி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் கேட்பேன். மதினி "வேணாம்னு சொல்லு" என்பாள். நான் சொல்வேன். அண்ணன், மாத்திரை விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, விடிந்ததும் தோட்டத்துக்குப் போய் இருட்டின பிறகே வந்தான்.

"நாலு அறை அறைஞ்சிருந்தாக் கூடத் தேவல" என்றாள் மதினி. "இப்பிடிப் பேசாம இருக்காகளே. மதுரைக்குப் போற வண்டியில அவுக பக்கத்துல நான் எப்பிடி உக்காருவேன்?"

உட்கார்ந்தாள். வியாழக்கிழமை காலை வாடகைக் காரில், டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் அண்ணன். பின்னால் ஜன்னலோரம் அம்மா, நடுவில் மதினி, இந்தப் பக்கம் நான். மதினி அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தாள், ஊசி ஏற்கெனவே அங்கே இருப்பது போல. தேனி தாண்டியது, ஆண்டிபட்டி தாண்டியது. கணவாயில் ஏறும்போது சிக்னல் போய்விட்டது. மறு பக்கம் இறங்கும்போது என் போன் அதிர்ந்தது.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். எதுவானாலும் முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் படிப்பது என் வழக்கம். அன்று நேராகக் கடைசி வரிக்குப் போனேன். பிறகு முதலிலிருந்து படித்தேன்: வயது சரி, எடை சரி, வாரம் ஸ்கேன் அளவுப்படி. மறுபடி கடைசி வரி.

"வாய்ப்பு கம்மின்னு வந்துருக்கு" என்றேன். "பல ஆயிரத்துல ஒண்ணுன்னு."

"கம்மின்னா?" என்றாள் அம்மா என்னிடம். "இல்லைன்னு போடலையா?"

"அது இல்லைன்னு சொல்லாதும்மா. கம்மி, அதிகம், இந்த ரெண்டு வார்த்தைதான் அதுக்குத் தெரியும்."

"அம்புட்டு ரத்தத்த எடுத்துக்கிட்டு இதுதான் சொல்லுமா?"

முடிவை டாக்டருக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். அவர் பார்த்துவிட்டுக் கூப்பிடும் வரை பத்து நிமிஷம் யாரும் இறங்கவில்லை. ஊசி வேண்டியதில்லை, அடுத்த மாத ஸ்கேனுக்கு வந்தால் போதும் என்றார். நான் அதை வண்டிக்குள் அப்படியே திருப்பிச் சொன்னேன். மதினி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணன் கீழே இறங்கி, ரோட்டோரம் நின்று, ஒன்றும் செய்யாமல் மறுபடி ஏறிக்கொண்டான்.

"ஏத்தா" என்றாள் அம்மா.

நான் என்னைத்தான் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத நாளு உனக்கு வயித்து வலி தாங்காதே. சுருண்டுல கெடப்ப. அன்னைக்கு அம்புட்டுத் தூரம் எப்பிடி அந்தச் சட்டியத் தூக்கிக்கிட்டு நடந்த?"

மதினி என் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். "வலிச்சுச்சு அத்தை. கீழ போட்டுருவேனோன்னு பயந்துக்கிட்டேதான் நடந்தேன். எல்லாரும் அருள் வந்துருச்சுன்னு நெனச்சாக."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். கால்ல விழுந்து கும்பிட்டேனே உன்னய."

"கும்பிட்டீக."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா எடுக்க விட்டிருப்பீகளா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். விட்டிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "மாத்திரை கீத்திரை வாங்கித் தரச் சொல்லியிருக்கலாம்ல, நானே மெடிக்கல்ல போயி வாங்கியிருப்பேன்."

மதினியும் நானும் ஒரே நேரத்தில் முன் சீட்டைப் பார்த்தோம். அண்ணனின் பின்கழுத்து மெல்லச் சிவந்தது.

"அக்கா, மதுரைக்கா, திருப்பவா?" என்று கேட்டார் டிரைவர்.

"வீட்டுக்குத்தான். திருப்பு" என்றாள் அம்மா. "குலுக்காமப் போப்பா."

ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், "மெல்ல, மெல்ல" என்றாள். கணவாய் இறக்கத்தில் இரண்டு டிராக்டர்களும், ஒரு தண்ணீர் லாரியும், கடைசியில் ஒரு சைக்கிளும் எங்களைத் தாண்டிப் போயின. வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் கடந்த தூரத்தைத் திரும்பிக் கடக்க மூன்று மணி நேரம் ஆனது.